வார இறுதி வேலையும் சி-27 உரிமமும்

கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ அருகிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது நாற்பதை நெருங்குகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் நான்காண்டு பி.எஸ்சி. முடித்தவர். ஊரில் சில காலம் நாற்றங்கால் நடத்தினார். மனைவியின் வேலையை ஒட்டி அமெரிக்கா வந்தார். இப்போது கிரீன் கார்டு இருக்கிறது. ஐந்தரை ஆண்டுகளாக ஒரு தோட்ட அமைப்பு நிறுவனத்தில் வேலை. முதல் இரண்டு ஆண்டு மண் வெட்டி, குழாய் சுமந்து கையாளாக இருந்தார். அடுத்த இரண்டு ஆண்டு சொட்டு நீர், தெளிப்பான் வேலைகளைத் தனியாகவே பார்த்தார். கடைசி ஒன்றரை ஆண்டாக ஐந்து பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி. சொந்தத் தொழில் தொடங்குவதற்காக, மாநிலத்தின் சி-27 என்னும் தோட்ட அமைப்பு ஒப்பந்தக்காரர் உரிமத்துக்குத் தயாராகிறார்.

அவர் சொல்லும் இடைஞ்சல்கள் இவை. உரிமத்துக்கு நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும். கையாள் காலத்தைக் கழித்தால் தன்னிடம் மூன்றரைதான். அந்த மூன்றரைக்கும் சான்றுக் கையெழுத்துப் போட முதலாளி மறுக்கிறார். வேலையில் சேர்ந்தபோது, "விலகினால் இரண்டு ஆண்டுக்கு ஐம்பது மைல் சுற்றளவில் இதே தொழில் செய்யமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த தாளையும் எடுத்துக் காட்டுகிறார். தேர்வுக்காக இரவு நேரங்களில் செடிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துவருகிறார். ஒருவர் "போன மாதம் வந்த கேள்விகள்" என்று ஒரு கட்டை 300 டாலருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு நண்பர், "தேர்வே வேண்டாம், மாதம் 400 டாலர் கொடு, என் உரிம எண்ணைப் போட்டுக்கொள்" என்கிறார்.

பிறகு கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு செய்தி. தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு வார இறுதிகளில் 18,000 டாலருக்கு வீட்டுப் பின்புறத் தோட்டம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றடித் தடுப்புச் சுவர், கல் பதித்த நடைபாதை, சொட்டு நீர், மரங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. உதவிக்கு இரண்டு பேரை ரொக்கக் கூலிக்கு வைத்திருக்கிறார். முன்பணமாக 6,000, நடுவில் 6,000 வந்துவிட்டது. சுவரில் விரிசல், இரண்டு மரங்கள் பட்டுப்போயின என்று சொல்லிக் கடைசி 6,000 டாலரை வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். "சிறு தொகை வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாமா? உரிமம் வாங்கிய பிறகு போனால் என் பக்கம் இன்னும் பலமாக இருக்குமா? இனிமேல் இப்படிப்பட்ட வேலையை 1,000 டாலருக்குள் பல பில்லாகப் பிரித்துப் போட்டால் சிக்கல் இராதல்லவா?" என்று கேட்டிருக்கிறார்.

நண்பரே, நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். நான் கட்டுமானத் தகராறுகளைப் பார்க்கும் வழக்கறிஞர். உங்கள் தாள்களைக் கண்ணால் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வைப் பற்றி நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளைவிட இந்த ஒன்றுதான் உங்களுக்கு ஆபத்தானது.

அந்த 6,000 டாலர்

வழக்குப் போடாதீர்கள். இப்போதும் வேண்டாம், உரிமம் வந்த பிறகும் வேண்டாம்.

கலிபோர்னியாவின் தொழில் சட்டத் தொகுப்பில் 7031 என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர், கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி, உரிமம் இல்லை என்று வீட்டுக்காரருக்கு முதல் நாளே தெரிந்திருந்தாலும் சரி, கதவு மூடியதுதான். அதே பிரிவின் அடுத்த பகுதி இன்னும் கடுமையானது. கொடுத்த பணம் முழுவதையும் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். அதாவது 6,000 கேட்டு நீங்கள் போனால், 12,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கும் நிலைமை வரலாம். கல்லுக்கும் சிமென்டுக்கும் செடிக்கும் செலவானதைக் கழித்துக்கொள்ளவும் இடமில்லை.

"உரிமம் வாங்கிய பிறகு" என்ற உங்கள் யோசனைக்கு 2010-ஆம் ஆண்டே பதில் வந்துவிட்டது. அதுவும் தோட்ட வேலை வழக்குதான். சான் டியாகோவில் ஒரு நிறுவனம் உரிமம் இல்லாமல் வேலையைத் தொடங்கி, நடுவில் உரிமம் பெற்றது. வாங்கிய பணம் முழுவதையும், உரிமம் பெற்ற பிறகு செய்த வேலைக்கான பணத்தையும் பொருள் செலவையும் சேர்த்தே, திருப்பித் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதியில் வந்த உரிமம் முன்னால் நடந்ததைக் கழுவவில்லை. வேலை எல்லாம் முடிந்த பிறகு வரும் உரிமம் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

இது பணத்தோடு நிற்பதும் இல்லை. உரிமமில்லாமல் ஒப்பந்த வேலை செய்வது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். அது போக, இந்த உரிமங்களை வழங்கும் மாநில வாரியம் தன் அளவில் 15,000 டாலர் வரை தண்டம் போடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் எந்தக் குற்ற வழக்கிலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லக் கூடாது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீதிமன்றப் படியேறி, உங்கள் பெயரில் நீங்களே ஆவணம் உண்டாக்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டுக்காரருக்கு மிரட்டல் செய்தி அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். விரிசலைப் பூசித் தருகிறேன் என்று மறுபடி அங்கே போய்க் கரண்டியைக் கையில் எடுக்காதீர்கள்; அதுவும் உரிமமில்லாத வேலைதான். வேலை முடிந்த ஓராண்டுக்குள் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டாக வேண்டும் என்று 2020-இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு கூறியிருக்கிறது. உங்கள் வேலை எப்போது முடிந்தது என்று கடிதத்தில் இல்லை. அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். "நீ எனக்குத் தர வேண்டாம், நான் உனக்குத் தர வேண்டாம்" என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டு முடித்துக்கொள்ள வழியிருந்தால், 6,000 டாலர் போனதற்கு வருந்தாதீர்கள். 12,000 கையில் நிற்கிறது.

பில்லைப் பிரிக்கும் யோசனையும் செல்லாது. 2025 ஜனவரி 1 முதல், உரிமம் தேவைப்படாத சிறு வேலையின் வரம்பு 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்ந்திருக்கிறது என்பது உண்மை. கூலியும் பொருளும் சேர்ந்த மொத்தம் அது. அனுமதி தேவைப்படும் வேலையாக இருக்கக் கூடாது, உதவிக்கு ஆள் வைக்கக் கூடாது, பெரிய வேலையின் ஒரு துண்டாகவும் இருக்கக் கூடாது. பதினெட்டுத் துண்டாக வெட்டினாலும் அந்தத் தோட்டம் ஒரே தோட்டம்தான்.

நண்பரின் உரிம எண்ணுக்கு மாதம் 400 டாலர் வாடகை என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஓர் உரிமத்துக்குத் தகுதியாளராகப் பெயர் கொடுத்திருப்பவர், அதன் பேரில் நடக்கும் வேலையை நேரடியாக மேற்பார்வையிட்டாக வேண்டும். சம்பள ஊழியராக இருந்துகொண்டு அந்தப் பொறுப்பை ஏற்பவர் வாரத்தில் குறைந்தது 32 மணி நேரமோ, நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 விழுக்காடோ அங்கே வேலை செய்ய வேண்டும். எண்ணை மட்டும் கடன் கொடுத்தால் அவர் உரிமமும் போகும், நீங்களும் உரிமமில்லாதவராகவே கருதப்படுவீர்கள்.

செடி தெரிந்தவர் எங்கே சறுக்குவார்

இப்போது தேர்வுக்கு வருவோம். சி-27-க்கு இரண்டு தாள். ஒன்று, எல்லா ஒப்பந்தக்காரருக்கும் பொதுவான சட்டமும் வணிகமும். மற்றொன்று தொழில் தாள். இரண்டும் கணினியில், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, புத்தகம் பார்க்க அனுமதியில்லை. தேர்ச்சி பெற்றால் "தேர்ச்சி" என்று மட்டும்தான் சொல்வார்கள். தவறினால்தான் எந்தப் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்ற விவரம் கிடைக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 18 மாதத்துக்குள் இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

நீங்கள் தொழில் தாளைக் கண்டு அஞ்சுகிறீர்கள், சட்டத் தாளைப் "படித்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் மேஸ்திரிகள் பலரும் இதே தவற்றைச் செய்பவர்கள்தான். சட்டத் தாளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்: நிறுவன அமைப்பும் உரிமமும், கணக்கு வழக்கு, ஆள் வைப்பது, காப்பீடும் சொத்துப் பற்றுரிமையும் (வேலைக்குப் பணம் வராதவர் அந்தச் சொத்தின் மேல் பதிவு செய்யும் உரிமை), ஒப்பந்தம், அரசு வேலைகள், பாதுகாப்பு. உங்கள் வார இறுதி வேலையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் அதிலேயே வந்துவிடுகிறது.

வீட்டு மேம்பாட்டு வேலை 500 டாலரைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், உங்களிடம் இல்லை. முன்பணம் மொத்தத்தில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதுதான். 18,000 டாலர் வேலைக்கு நீங்கள் வாங்கியிருக்கக் கூடியது 1,000, வாங்கியது 6,000. அதன் பிறகு வாங்கும் தவணை எதுவும் அதுவரை முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. கையெழுத்திட்ட பின் மூன்று வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அவருக்கு வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்து நாள். ரொக்கக் கூலிக்கு வைத்த இருவரும் சட்டத்தின் கண்ணில் உங்கள் ஊழியர்கள்; ஒருவர் காலில் கல் விழுந்திருந்தால் விபத்துக் காப்பீடு எங்கே என்று உங்களைத்தான் கேட்டிருப்பார்கள். உரிமம் உள்ளவராக இருந்திருந்தால், பணம் வராதபோது வீட்டின் மேல் பற்றுரிமை பதிவு செய்திருக்கலாம். பொதுவாக வேலை முடிந்த 90 நாளுக்குள். வீட்டுக்காரர் நிறைவு அறிவிப்பைப் பதிவு செய்திருந்தால், அவரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவருக்கு 60 நாள். உள்ஒப்பந்தக்காரருக்கு அது 30 நாள்தான். இந்த எண்களை அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். உங்கள் 18,000 டாலரோடு சேர்த்துப் படியுங்கள், மறக்காது.

தொழில் தாளில் சறுக்கும் இடம் வேறு. செடியில் நீங்கள் தோற்கப் போவதில்லை. ஊரில் பூமருது பார்த்தவருக்கு, இங்கே தெருவெல்லாம் நிற்கும் கிரேப் மிர்ட்டில் அதே பேரினத்தின் சிறு உறவு என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அளவுகளில் சறுக்குவீர்கள். பெரியகுளத்தில் நீங்கள் படித்தது லிட்டர், ஹெக்டேர், கிலோபாஸ்கல். இங்கே காலன், கன கஜம், சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. நான் தோட்ட வேலை தெரிந்த என் கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, உங்களுக்காக மூன்று கணக்குகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். தேர்வில் வருபவை என்று எண்ணிவிடாதீர்கள், கை பழகுவதற்கு.

ஆயிரம் சதுர அடிக்கு மூன்று அங்குல உயரம் மூடாக்குப் போட வேண்டும். மூன்று அங்குலம் என்பது கால் அடி. ஆகவே 250 கன அடி. ஒரு கன கஜம் 27 கன அடி. வகுத்தால் 9.26; லாரிக்கு ஒன்பதரை என்று சொல்வீர்கள். அடுத்தது தெளிப்பான். ஒரு பகுதிக்கு நிமிடத்துக்கு 12 காலன் போகிறது, பரப்பு 1,200 சதுர அடி. காலனை அங்குலமாக மாற்றும் எண்ணான 96.3-ஐ 12-ஆல் பெருக்கிப் பரப்பால் வகுத்தால், மணிக்கு ஏறத்தாழ 0.96 அங்குலம் நீர் விழுகிறது. சாக்ரமென்டோப் பக்கத்துக் களிமண் அந்த வேகத்தில் குடிக்காது, ஓடிவிடும். ஆகவே ஒரே மூச்சில் விடாமல் விட்டுவிட்டுப் பாய்ச்சுவது என்ற முடிவும் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. மூன்றாவது அழுத்தம். நீர் 2.31 அடி மேலே ஏறினால் ஒரு பவுண்டு அழுத்தம் குறையும். மீட்டரில் 60 இருந்து, தோட்டம் 23 அடி மேட்டில் இருந்தால், குழாயில் உரசிக் குறைவதைச் சேர்க்காமலே கையில் 50-தான்.

தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய மாநில மாதிரி ஒழுங்குமுறையை 2015-இல் திருத்தினார்கள். அதைத் தொடாமல் தேர்வு அறைக்குப் போகாதீர்கள். புதிய வீட்டில் 500 சதுர அடித் தோட்டத்திலிருந்தே அது பொருந்தலாம். பழைய தோட்டத்தைப் புதுப்பித்தால் 2,500 சதுர அடி. ஆண்டு நீராவிப்போக்கு அளவை 0.62-ஆல் பெருக்கி, வீட்டுத் தோட்டமானால் 0.55-ஆல் பெருக்கி, பரப்பால் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கப்படும் காலன்கள் வரும். ஆண்டுக்கு 50 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் சதுர அடிக்கு 17,050 காலன். அதே ஒழுங்குமுறைதான் மூன்று அங்குல மூடாக்கும், ஆயிரம் சதுர அடிக்கு நான்கு கன கஜம் மக்கிய உரமும் கேட்கிறது.

இன்னொரு சறுக்கல், வேலைக்களப் பழக்கம். "நாங்கள் எப்போதும் இப்படித்தான் போடுவோம்" என்பது தேர்வில் விடையாகாது. நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் அழுத்த வகை வால்வு, அதற்குப் பின் வரும் மிக உயரமான தெளிப்பானைவிட 12 அங்குலம் மேலே நிற்க வேண்டும். உங்கள் நிறுவனத்தார் கண்ணுக்குத் தெரியாமல் புதருக்குள் தாழ்த்தி வைப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தோடு போனால் தவறான விடையைத்தான் நம்பிக்கையோடு குறிப்பீர்கள். பள்ளம் தோண்டுவதும் அப்படித்தான். குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாக, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும் சேவையின் எண்ணான 811-ஐ அழைக்க வேண்டும். தோண்டப் போகும் இடத்தை நீங்கள் வெள்ளை நிறத்தில் குறிக்க வேண்டும். பிறகு அவர்கள் வந்து போடும் நிறங்களைப் படிக்கத் தெரிய வேண்டும்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர், ஊதா மறுபயன்பாட்டு நீர். ஐந்தடி ஆழத்திலிருந்து பள்ளத்தின் பக்கச் சரிவைத் தாங்க ஏற்பாடு வேண்டும். நான்கடி ஆழமானாலே ஏறி வர ஏணி வேண்டும். வெயில் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் நிழல், 95-ஐத் தொட்டால் கூடுதல் கண்காணிப்பு, ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட் குடிநீர். ஜூலையில் உங்கள் ஊரில் 95 என்ன, நூறைத் தாண்டும். இந்த விதி உங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கட்டிடத்திலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி மண்ணைச் சரிப்பதை நம் ஊர்க் கொத்தனார்கள் "வாட்டம்" என்பார்கள். அடிக்குக் கால் அங்குலம் என்றால் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு வாட்டம். வரைபடத்தில் அதை விழுக்காடாகவும், சரிவு விகிதமாகவும், உயரப் புள்ளிகளின் வேறுபாடாகவும் மாற்றி மாற்றிப் படிக்கப் பழகுங்கள். உங்கள் நிறுவனத்தில் பழைய வரைபடங்கள் கிடைத்தால் மாலையில் ஒன்றை எடுத்து, பொருள் பட்டியலை நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் இதைச் செய்தால், விலை கொடுத்து வாங்கும் எந்தப் பயிற்சித் தாளும் அதற்கு ஈடாகாது.

300 டாலர் கேள்விக் கட்டைத் தொடாதீர்கள். அது போலியாக இருந்தால் பணம் போயிற்று. உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்: உரிமத் தேர்வின் கேள்விகளை வெளியே கடத்துவதும் வாங்குவதும் கலிபோர்னியாவில் குற்றம். தேர்வின் பகுதிகளையும் அவற்றின் எடையையும் சொல்லும் கையேட்டை வாரியமே இலவசமாகத் தருகிறது. சட்டத் தொகுப்பும் அதன் இணையதளத்தில் இருக்கிறது.

மூன்றரை ஆண்டும் ஒரு பட்டமும்

உங்கள் கடிதத்தில் எனக்கு மகிழ்ச்சி தந்த இடம் இது. நீங்கள் கவனிக்கவே இல்லை. விதி கேட்பது, கடந்த பத்து ஆண்டுக்குள் நான்கு ஆண்டு முழுத் தொழிலாளி நிலை அனுபவம், அதாவது மேற்பார்வை இல்லாமல் தானே வேலையைச் செய்து முடிக்கும் நிலை. கையாளாக இருந்த காலம் சேராது என்று நீங்கள் கணக்கிட்டது சரி. ஆனால் அந்த நான்கில் மூன்று ஆண்டு வரை படிப்பை வைத்து ஈடுகட்டலாம். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் நான்காண்டுத் தோட்டக்கலைப் பட்டத்துக்கு, சி-27-க்கென்றே அந்த அதிகபட்ச மூன்றாண்டுச் சலுகையை வாரியம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. களத்தில் குறைந்தது ஓராண்டு வேலை இருந்தால் மீதியை உங்கள் பெரியகுளம் பட்டம் நிரப்பக்கூடும். நீங்கள் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அது தேவைப்படாமலே போகலாம். எவ்வளவு சலுகை என்று முடிவு செய்வது வாரியம். வெளிநாட்டுப் பட்டமாதலால் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலும், அதை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்ட மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டியிருக்கும்.

முதலாளி கையெழுத்துப் போட மறுப்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய தடை அன்று. உங்கள் வேலையை நேரில் அறிந்த வேறொருவர் சான்று தரலாம்: உடன் வேலை செய்யும் முழுத் தொழிலாளி, முன்னாள் மேஸ்திரி, வேறொரு ஒப்பந்தக்காரர், கட்டிட ஆய்வாளர், கட்டிடக் கலைஞர். "நேரில் அறிந்த" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பொய்ச் சான்றுக்குத் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின் கீழ்தான் அவர் கையெழுத்திடுகிறார். விண்ணப்பங்களில் குறைந்தது 3 விழுக்காட்டையாவது வாரியம் ஆழமாக விசாரித்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே சம்பளச் சீட்டுகள், வருமான வரிப் படிவங்கள், வேலைக்களப் படங்கள், உங்கள் பெயர் உள்ள வேலை ஆணைகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நீங்கள் 2 ஆண்டு கையாளாக இருந்ததை மேஸ்திரி என்று நீட்டி எழுத நண்பர் எவராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தேவையே இல்லாத பொய் அது. வார இறுதி வேலையையும் அனுபவமாகக் காட்ட முற்படாதீர்கள்.

ஐம்பது மைல் தாளைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு வரி போதும். வேலையை விட்டு விலகியவர் அதே தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் கலிபோர்னியாவில் செல்லாது. 2024 முதல் அப்படி எழுதி வாங்குவதே சட்டவிரோதம். பழைய தாள்கள் செல்லாது என்று ஊழியர்களுக்கு முதலாளிகளே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் கெடு வைத்தார்கள். ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ விலைக் கணக்கையோ கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வெளியேறாதீர்கள். அது வேறு வழக்கு. அவரிடம் சம்பளம் வாங்கும் நாள் வரை அவர் வாடிக்கையாளரிடம் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம்.

தேர்வுக்குப் பிறகு

தேர்ச்சி பெற்ற மறுநாளே வேலை பிடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உரிம எண் கையில் வரும் வரை விலை பேசாதீர்கள். கைரேகைப் பரிசோதனை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றிய புத்தகம் பார்த்து எழுதும் சிறு தேர்வு, தனி உரிமையாளருக்கு 200 டாலர் முதல் கட்டணம், 25,000 டாலர் பிணைப் பத்திரம் ஆகியவை பாக்கி இருக்கும். 25,000 என்றதும் வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தத் தொகையை நீங்கள் எங்கும் கட்டுவதில்லை. பிணை நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பிரீமியம் மட்டும் செலுத்துவீர்கள். கடன் வரலாறு சுத்தமாக இருந்தால் அது மொத்தத்தில் சிறு பங்குதான். விண்ணப்பத்துக்கே 450 டாலர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வைக்கும் முதல் நாளிலேயே விபத்துக் காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும். பூச்சி மருந்து அடிக்க சி-27 போதாது. பூச்சிக்கொல்லித் துறையின் தனிச் சான்று வேண்டும்.

அதுவரை கை சும்மா இருக்காது என்று தெரியும். புல் வெட்டுவது, களை எடுப்பது, 15 அடிக்குக் குறைவான மரங்களைக் கவாத்து செய்வது போன்ற வழக்கமான பராமரிப்புக்கு ஒப்பந்தக்காரர் உரிமம் தேவையில்லை. வார இறுதியில் அதைச் செய்யுங்கள். சுவர், குழாய், நடைபாதை என்று யாராவது கேட்டால், பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு உரிமம் வந்ததும் அழைப்பதாகச் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எல்லாவற்றிலும் தாமதமாக வரப்போவது மதிப்பெண் பட்டியல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். ஊரில் நேரில் போய்க் கேட்க அண்ணனோ நண்பரோ இருந்தால் அனுமதிக் கடிதமும் அனுப்பிவிடுங்கள். அது வருவதற்குள் கன கஜக் கணக்கு உங்கள் கைக்கு வந்திருக்கும்.